மொரிஷியஸிலிருந்து பழைய பேட்டரி ஏற்றுமதி: வரி இல்லாவிட்டாலும் அனுமதி வேண்டும்

மொரிஷியஸ்–சீனா தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எல்லா வகைத் திடக்கழிவு இறக்குமதிக்கும் சீனா தடை போட்டதும் அதே நாளில்தான். "வரி பூஜ்யம், ஏற்றிவிடலாம்" என்று கணக்குப் போடுபவர்கள் இதை மறக்கக் கூடாது. ஒப்பந்தம் வரியைத்தான் குறைக்கும். ஆபத்தான கழிவு எல்லை தாண்டலாமா என்பதை முடிவுசெய்வது 1989-ல் உருவான பாசெல் உடன்படிக்கை. இந்தியாவுடன் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள ஒப்பந்தம் இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்துடன் உள்ள பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் இருந்தாலும், பாசெல் அனுமதி இல்லாமல் ஒரு பழைய கார் பேட்டரிகூட கப்பல் ஏற முடியாது.

வாங்குபவர் யார்?

சரக்கு சேர்ப்பதற்கு முன்பே இதை முடிவுசெய்யுங்கள். பாசெலில் உறுப்பினராக உள்ள நாட்டுக்கு அனுப்புவதே வழி. அமெரிக்கா உறுப்பினர் அல்ல. நல்ல விலை சொல்பவர் பெரும்பாலும் இடைத்தரகராக இருப்பார். அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாசெல் அனுமதி கேட்கும் அறிவிப்புப் படிவத்தை நிரப்பினால் திரும்பி வரும். ஈயத்தை உருக்கும் ஆலையின் பெயர், முகவரி, அதன் உரிமத்தின் நகல் மூன்றும் வேண்டும். கழிவு சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் கையாளப்படும் என்ற உறுதி ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்க வேண்டும். சரக்கைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கத்துத் தீவான ரீயூனியனின் பழைய பேட்டரிகளையும் வாங்கிச் சேர்த்து அனுப்பலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். முடியாது. ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. அங்கிருந்து மொரிஷியஸ் போன்ற நாடுகளுக்கு ஆபத்தான கழிவு வெளியேறத் தடை உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து அத்தகைய கழிவை இறக்குமதி செய்வதைத் தடுக்கும் பமாகோ உடன்படிக்கையிலும் மொரிஷியஸ் இருக்கிறது.

அறிவிப்புப் படிவம்

படிவம் சுற்றுச்சூழல் அமைச்சின் வழியாக, சேரும் நாட்டுக்கும் வழியிலுள்ள நாடுகளுக்கும் போகும். அதிகம் தவறு நடப்பது அதன் 14-வது கட்டத்தில், அதாவது கழிவை அடையாளம் காட்டும் பெட்டியில். ஈய-அமில பேட்டரிக்கு பாசெல் குறியீடு ஏ1160, கழிவு வகை ஒய்31 (ஈயம்), ஒய்34 (அமிலம்), ஆபத்துத் தன்மை எச்8 (அரிப்பு), ஆபத்தான சரக்குக்கான ஐ.நா. எண் 2794, சுங்கக் குறியீடு 8549.11. சிலர் பழைய வழக்கத்தில் 8548 என்று போடுகிறார்கள். சுங்கக் குறியீட்டின் 2022 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அது செல்லாது. 11-வது கட்டத்தில் உலோக மீட்புக்கான ஆர்4 வர வேண்டும், வெறும் சேமிப்பைக் குறிக்கும் ஆர்13 மட்டும் இருந்தால் "பிறகு எங்கே போகும்?" என்ற கேள்வி எழும்.

5-வது கட்டத்தில் எழுதும் மொத்த எடைதான் உச்சவரம்பு. 100 டன்னுக்கு அனுமதி வாங்கிவிட்டு 22 டன் வீதம் ஐந்து கன்டெய்னர் அனுப்பினால் 110 டன் ஆகிவிடும்; கடைசிக் கன்டெய்னர் அனுமதியில்லாத சரக்கு. ஒரே அறிவிப்பில் பல தடவை அனுப்பலாம், ஆனால் 12 மாதத்துக்கு மேல் நீளாது.

15-வது கட்டம் வழியிலுள்ள நாடுகளுக்கானது. போர்ட் லூயியிலிருந்து கிளம்பும் கன்டெய்னர் நடுவில் கொழும்பிலோ டர்பனிலோ வேறு கப்பலுக்கு மாறினால் அந்த நாட்டின் சம்மதமும் தேவை. அவர்கள் பதில் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. ஆகவே ஷிப்பிங் கம்பெனியிடம் பாதையை எழுத்தில் வாங்கிய பிறகே படிவத்தைக் கொடுங்கள். கழிவு என்றாலே ஏற்க மறுக்கும் கம்பெனிகளும் உண்டு. அதையும் அப்போதே தெரிந்துகொள்ளலாம். அனுமதி கிடைத்தபின் கம்பெனி துறைமுகத்தை மாற்றினால் மறுபடி முதலிலிருந்துதான்.

அடுக்குவது

அமிலத்தை முற்றத்தில் கொட்டிவிட்டுக் காலி பேட்டரியாக அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கொட்டும் அமிலத்தோடு ஈயமும் மண்ணில் இறங்கும். படிவத்தில் எழுதியதும் அனுப்பும் சரக்கும் வேறாகிவிடும். பேட்டரியை நிமிர்த்தியே வையுங்கள், மின்முனைகள் மேலே இருக்கட்டும். முனைகளுக்கு மூடியோ டேப்போ போடாவிட்டால், மேல் அடுக்கின் எடையில் உரசி மின்கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே தடித்த அட்டை வைத்து, பேலட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். விரிசல் விட்டது, ஒழுகுவது எல்லாவற்றையும் தனியே அமிலம் தாங்கும் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் போட வேண்டும். கன்டெய்னரின் நான்கு பக்கமும் 8-ம் வகுப்பு அரிப்புப் பொருள் பலகை வேண்டும். எடைச் சான்று இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். இது 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க உள்ள விதி.

கன்டெய்னர் நிரம்பும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்கள் லா ஷோமியேரில் உள்ள ஆபத்துக் கழிவு இடைக்காலச் சேமிப்பகத்தை விசாரிப்பது நல்லது. பத்து டன்னுக்காக இத்தனை காகிதம் கட்டுபடியாகாது.

வரிச் சலுகை

இது எளிது. உள்நாட்டில் சேகரித்த, மூலப்பொருளை மீட்க மட்டுமே பயன்படும் பழைய பொருளை அந்நாட்டிலேயே முழுமையாக உருவானதாக ஏற்பது வர்த்தக ஒப்பந்தங்களில் வழக்கம். அதற்கு, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் உருவாக்கச் சான்று வாங்கலாம். சான்றிலும் அறிவிப்புப் படிவத்திலும் எடை, குறியீடு, ஏற்றுமதியாளர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்.

போன பிறகு

நகர்வு ஆவணம் உங்கள் முற்றத்திலிருந்து ஆலைவரை சரக்கோடு போகும். கைமாறும் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும். ஆலை இரண்டு முறை எழுதி அனுப்பும்: சரக்கு வந்து சேர்ந்தது என்று ஒன்று, மறுசுழற்சி முடிந்தது என்று இன்னொன்று. ஒப்பந்தப்படி வேலை முடிக்க முடியாது, வேறு வழியும் இல்லை என்று தெரியவந்தால் பொதுவாக 90 நாளுக்குள் சரக்கு மொரிஷியஸுக்கே திரும்ப வேண்டும். ஏற்றுமதியாளரின் தவறால் சட்டவிரோதம் என்று முடிவானால் அவகாசம் 30 நாள்தான். மறுசுழற்சி முடிந்தது என்ற இரண்டாவது தாள் கைக்கு வராமல் அடுத்த கன்டெய்னரை ஏற்றாதீர்கள்.