மருத்துவமனைப் பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் தேர்ந்து பாராட்டும் முறை

பல மருத்துவமனைகளில் பாராட்டு என்பது ஆண்டு விழாவோடு முடிந்துவிடுகிறது. துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு பெயரைத் தர, மேடையில் கேடயம் வழங்கப்படுகிறது. அந்தத் தேர்வில் நோயாளிக்கு இடமில்லை. இரவுப் பணியில் இருப்பவரின் பெயரும் எளிதில் எட்டுவதில்லை. புதிதாகத் திட்டம் வகுப்போர் முதலில் இந்தக் குறையைக் களைய வேண்டும்.

அமெரிக்காவின் டெய்சி விருது இதற்கு நல்ல முன்மாதிரி. 1999-இல் பேட்ரிக் பார்ன்ஸ் என்ற 33 வயது இளைஞர் நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறால் இறந்தபோது, அவரைக் கவனித்த செவிலியரின் பரிவுக்கு நன்றி சொல்லவே குடும்பத்தினர் அதை ஏற்படுத்தினர். நோயாளிகள், உறவினர்கள், சக பணியாளர்கள் எழுதித் தரும் அனுபவங்களே அதற்குப் பரிந்துரை.

பரிந்துரைப் படிவத்தில் ‘என்ன நடந்தது, எப்போது, அதனால் உங்களுக்கு என்ன மாறியது’ என்ற மூன்று கேள்விகள் போதும். ‘அன்பாகப் பேசினார்’ என்ற ஒரு வரியை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க இயலாது. எழுதத் தெரியாதவர் சொல்வதை உதவி மையத்தில் இருப்பவர் அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். படுக்கையில் இருக்கும் நோயாளியிடம் படிவத்தை நீட்டக் கூடாது. மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்று அவர் அஞ்சக்கூடும். வீடு திரும்பும் வேலைகள் முடிந்த பிறகு கேட்பதே முறை.

தேர்வுக் குழுவில் செவிலியர், தூய்மைப் பணியாளர், முன்பு சிகிச்சை பெற்ற ஒருவர் ஆகியோர் இருக்கட்டும். பெயரையும் பதவியையும் மறைத்துவிட்டுக் கடிதங்களைப் படித்தால், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரின் செயலும் மூத்த செவிலியரின் செயலும் ஒரே தராசில் நிற்கும். ‘இந்த மாதம் இந்தத் துறை’ என்று முறை வைத்துக் கொடுத்தால் விருதின் மதிப்பு போய்விடும்.

தன்னார்வலர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டிய நோயாளிக்கு இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்தவரைக் குடும்பம் வாயாரப் புகழலாம்; ஆனால் அது மயக்க மருந்தின்போது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய செயல். ஆகவே, ஒவ்வொரு பரிந்துரையையும் செவிலியர் கண்காணிப்பாளர் சரிபார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். பணி செய்த மணிநேரத்துக்குத் தனிச் சான்றிதழ் வழங்கலாம். விருது செயலுக்கே உரியது.

மே 12 உலகச் செவிலியர் நாளும் டிசம்பர் 5 தன்னார்வலர் நாளும் பொருத்தமானவையே என்றாலும், மாதந்தோறும் வழங்குவதே சிறந்தது என்பது என் கருத்து. விருது பெறுபவரின் வார்டிலேயே, அவருடைய பணி நேரத்திலேயே, அது அதிகாலை இரண்டு மணியாக இருந்தாலும், சக பணியாளர்கள் முன் கடிதத்தை வாசித்து வழங்குங்கள். எழுதியவரின் சம்மதத்தை முன்பே பெறுங்கள். நோயின் பெயரை வெளியிடாதீர்கள். ஒப்பந்தப் பணியாளருக்குரிய பரிசுத் தொகையை ஒப்பந்ததாரர் வழியாக அனுப்பாமல் நேரே அவரிடம் சேருங்கள்.

தேர்வாகாதவர்களுக்கும் தங்களைப் பற்றிய கடிதத்தின் நகலை, நிர்வாகத்தின் கையொப்பத்துடன் அளிக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் மாறும்போது, இத்தனை ஆண்டு உழைத்தேன் என்று காட்ட ஒப்பந்தப் பணியாளர்களிடம் பெரும்பாலும் வேறு ஏதும் இருப்பதில்லை.