பழைய பிரெஞ்சுப் பீங்கான் தட்டு வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தை நம்பாதீர்கள்

சிவப்புக் குல்லாய் போட்ட சிறுமியும் ஓநாயும் வரைந்த ஒரு பழைய தட்டு கிடைத்ததும் எல்லாரும் செய்வது, அதைக் கவிழ்த்து முத்திரையைப் படிப்பதுதான். 'லிமோஜ்' என்று இருந்தால் உடனே பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். லிமோஜ் கம்பெனி இல்லை, பிரான்ஸில் ஒரு ஊர். 1760களின் கடைசியில் அதன் பக்கத்தில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண் கிடைத்த பிறகு அங்கே ஏகப்பட்ட பட்டறைகள் முளைத்தன, அதில் உசத்தியும் உண்டு சுமாரும் உண்டு. இன்னொன்று, அங்கிருந்து வெறும் வெள்ளைத் தட்டாகவே நிறைய அமெரிக்காவுக்குப் போனது, அங்கே வீட்டில் இருந்த பெண்கள் பொழுதுபோக்காகப் படம் வரைந்தார்கள். ஆக முத்திரை பிரெஞ்சு, ஓவியம் அமெரிக்கா! செவ்ர் என்ற பெயர்பெற்ற பிரெஞ்சுப் பீங்கான் ஆலையின் பின்னிய இரட்டை 'எல்' முத்திரை என்றால் இன்னும் உஷார், 19ஆம் நூற்றாண்டில் அதைக் காப்பியடிக்காதவர்கள் குறைவு.

கதையின் வயதைத் தட்டின் தலையில் கட்டுவதும் நடக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ இந்தச் சிவப்புக் குல்லாய்க் கதையை வெளியிட்டது 1697இல், அப்போது லிமோஜில் யாரும் பீங்கான் செய்யவே இல்லை. 'பிரான்ஸ்' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, ஏனென்றால் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் கேட்டது.

சரி, கையால் வரைந்ததா? பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பத்திரிகைப் படம் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுதான். கோடுகளை மட்டும் அச்சடித்துவிட்டு நடுவில் மட்டும் கையால் வண்ணம் நிரப்பியதும் உண்டு, ஓவியர் கையெழுத்தே அச்சாக இருப்பதும் உண்டு, அதனால் கையெழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளிச்சத்தில் சாய்த்தால் தூரிகை போன தடம் லேசாக மேடு தட்டும், எனக்கு அதுதான் நம்பிக்கையான அடையாளம்.

வாங்கிய பிறகு கெடுப்பவர்கள் தனி ரகம். இந்த வண்ணம் பளபளப்புப் பூச்சுக்கு மேலே வரைந்து குறைந்த சூட்டில் சுட்டது, பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் மங்கும், தங்க விளிம்பும் தேயும். மைக்ரோவேவில் வைத்தால் அந்தத் தங்கம் பொறி பறக்கும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், எலுமிச்சைச் சாதமெல்லாம் அதில் பரிமாறாதீர்கள். அப்புறம், சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பி வாங்கினால் கொக்கிக்கு ரப்பர் உறை போட்டதாகப் பாருங்கள், வெறும் கம்பி விளிம்பைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும்.