ஒகேனக்கல்லில் ஷட்டர் பாடம்

ஆன்லைனில் போட்டோகிராபி படிப்பவர்களுக்கு வரும் முதல் அசைன்மென்ட்களில் ஒன்று ஷட்டர் வேகம், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. தருமபுரிக்காரர்களுக்கு அதற்கு ஒகேனக்கல்லை விட நல்ல வகுப்பறை கிடையாது.

நீர்த்துளிகள் அந்தரத்தில் உறைந்து நிற்க 1/1000 வினாடி. அருவி பால்போல வழிய 1/2 முதல் 1 வினாடி. சிக்கல் இரண்டாவதில்தான். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/16 (லென்ஸின் சிறிய துளை) வைத்தாலும் ஷட்டரை 1/100 வினாடிக்கு மேல் திறந்து வைக்க முடியாது. வைத்தால் படம் வெளுத்துவிடும். 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கும் கருங்கண்ணாடி) மாட்டினால் அதே 1/100 சுமார் 0.6 வினாடியாகும். ஃபில்டர் இல்லையா, விடியற்காலையிலோ மேகமூட்டத்திலோ போங்கள். துளையை எஃப்/22 வரை மூடாதீர்கள், படத்தின் கூர்மை குறையும்.

டிரைபாடைப் பாறையில் ஊன்றுங்கள். தொங்கு பாலம் வேண்டாம். ஆள் நடந்தாலே அதிரும், பாறைகூடக் கலங்கலாகத் தெரியும். பொத்தானை அழுத்தும் அதிர்வு படத்தில் வராமலிருக்க 2 வினாடி டைமர் போடுங்கள். டிரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைப்பது நல்லது. சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும், இரண்டு மைக்ரோஃபைபர் துணியாவது வேண்டும். (சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழலாம்.)

பலர் கோட்டை விடுவது அனுப்பும்போது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், ஷட்டர் விவரம் அடங்கிய எக்ஸிஃப் தகவலும் போய்விடும். ஆசிரியர் எதை வைத்துத் திருத்துவார்? டாக்குமென்டாக அனுப்புங்கள். எடிட்டிங் ஆப்பில் ஏற்றுமதி செய்யும்போதும் மெட்டாடேட்டாவை (எக்ஸிஃப் போன்ற விவரங்களை) நீக்காமல், எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு) நிறத்தில் ஜேபெக்காகச் சேமியுங்கள்.