பழைய பிரெஞ்சுக் கடிகாரத்தின் தங்க முலாமில் அழுக்கெடுப்பது எப்படி

18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கடிகாரங்களிலும் அலமாரிகளிலும் மின்னும் 'ஓர்மொலு' வேலைப்பாடு, பாதரசத்தில் குழைத்த தங்கத்தை வெண்கலத்தின் மேல் பூசி, சூடேற்றிப் பாதரசத்தைப் போக்கிச் செய்தது. பூச்சின் கனம் சில மைக்ரான்தான். அழுக்கு அதன் மேலே உட்கார்ந்திருக்கிறது. தங்கம் தேயாமல் அதை மட்டும் எடுக்க வேண்டும்.

புளியும் எலுமிச்சையும் பித்தளைப் பாலிஷும் குத்துவிளக்கோடு நிற்கட்டும். பாலிஷிலுள்ள நுண்பொடி தங்கத்தைச் சுரண்டும். புளிப்பும் அமோனியாவும் பூச்சின் நுண்துளைகள் வழியே இறங்கி அடி உலோகத்தைத் தின்னும்.

முதலில் பொருளை அடையாளம் காணுங்கள். ஓர்மொலுவின் பின்பக்கம் பெரும்பாலும் வெறும் உலோகமாக, ஓரத்தில் மட்டும் தங்கம் வழிந்திருக்கும். பின்பக்கமும் ஒரே சீராகத் தங்கமாயிருந்தால் 1840-க்குப் பிந்தைய மின்முலாமாக இருக்கலாம். ஏற்கெனவே கீறல் விழுந்த இடம் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது துத்தநாக வார்ப்பாக இருக்கலாம், தண்ணீர் காட்டாதீர்கள். மறைவான மூலையில் ஆல்கஹால் பஞ்சை ஒற்றுங்கள். மஞ்சள் கறை ஏறினால் அங்கே இருப்பது தங்க நிற வார்னிஷாகவும் இருக்கலாம், அதோடு நிறுத்துங்கள்.

மரத்தின் மேல் இருக்கும்போதே கழுவக் கூடாது. ஈரமும் கரைப்பானும் அரக்கு மெருகை வெளுக்கச் செய்யும். கடிகாரமானால் முதலில் ஊசலை, பிறகு இயந்திரத்தை எடுங்கள். ஒரு திருகாணி இன்னொரு துளைக்குப் பொருந்தாது. ஆகவே அட்டையில் படம் வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். ஒட்டிக்கொண்ட துண்டை நெம்பாதீர்கள். மெல்லிய பூவேலை சட்டென ஒடியும்.

கழட்டிய துண்டில் மென்தூரிகையால் தூசு தட்டுங்கள். மெழுகுப் படலத்தை ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) தோய்ந்த பஞ்சு எடுக்கும். பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில், அயனியற்ற (non-ionic) சலவைத் திரவம் 5 மி.லி. கலந்து பஞ்சை நனைத்துப் பிழியுங்கள். தேய்க்காமல் உருட்டுங்கள், கறுத்ததும் புதுப் பஞ்சு எடுங்கள். பளபளப்பான பரப்பில் ஒரு மணல் துகளே கீறல் போட்டுவிடும். குழாய்நீரின் குளோரைடு பச்சைக் களிம்பைக் கிளப்பும் என்பதால், அலசவும் காய்ச்சி வடித்த நீர்தான், மூன்று முறை. ஊறவைக்காமல், மெல்லிய சூட்டில் ஹேர் டிரையரால் மடிப்புகள் வரை உலர்த்துங்கள். தீச்சுவாலை கூடவே கூடாது. எஞ்சிய பாதரசம் ஆவியாகலாம்.

பழுப்பேறிய தங்கப் பெயிண்ட் யாரோ பின்னாளில் அடித்தது. அது பெரும்பாலும் அசிட்டோனில் கரையும். சன்னலைத் திறந்து வைத்து, நெருப்பின்றி வேலை செய்யுங்கள். தங்கம் தேய்ந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் அடிக்காதீர்கள்.

திரும்பப் பூட்டும்போது நைட்ரைல் கையுறை அணியுங்கள். விரல் உப்பு கறையாக நிற்கும். திருகாணியைக் கையிறுக்கத்தோடு விடுங்கள், பழைய மரத்துளை எளிதில் பிளக்கும்.