ஜான் கோல்ட்ரேன் கேக்கப் போறீங்களா? இந்த வரிசையில போங்க

யூடியூப்ல அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் பேர அடிச்சு முதல்ல வர்றத போட்டுட்டு, என்னடா இது ஒரே சத்தமா இருக்கேன்னு மூடி வைக்கிறவங்கதான் அதிகம். அவரு வாசிப்பு வருஷத்துக்கு வருஷம் மாறிக்கிட்டே போனது, அதனால வாழ்க்கை போன வரிசையிலயே கேளுங்க.

1957ல தொடங்குங்க. ஹெரோயின் பழக்கத்தால ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் பேண்ட்ல இருந்து அனுப்பிட்டாங்க, அந்த வருஷமே அத விட்டுட்டு வந்து 'புளூ ட்ரெய்ன்' ஆல்பத்த வாசிச்சாரு. தாளம் தெளிவா இருக்கும், சும்மா தலையாட்டிக்கிட்டே கேக்கலாம்.

அடுத்தது 1960ல பதிவு பண்ண 'மை ஃபேவரிட் திங்ஸ்', கிட்டத்தட்ட 14 நிமிஷம். இதுல வழக்கமா வாசிக்கிற டெனர் சாக்ஸ விட்டுட்டு, அத விட மேல் சுரத்துல பேசுற சோப்ரானோ சாக்ஸ் வாசிக்கிறாரு, பியானோ ஒரே இடத்துல சுத்திக்கிட்டு இருக்க அதுக்கு மேல இவரு இழுத்துக்கிட்டே போறது நம்ம காதுக்கு புதுசாவே இருக்காது. மனுசனுக்கு இந்திய சங்கீதம்னா உசிரு, மகனுக்கே ரவி சங்கர் ஞாபகமா ரவின்னு பேர் வச்சிருக்காரு. அவரோட இன்னொரு ஆல்பம் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' இப்ப வேணாம், அது சாக்ஸ் வாசிக்கிறவங்களுக்கு வச்ச பரீட்சை.

இப்ப 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர்ல பதிவானது, நாலு பாகம். ட்ரெயின்ல கேக்குறதுன்னா முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்குங்க, ஹட்டன் தாண்டி சிங்கமலை டனலுக்குள்ள சிக்னல நம்ப முடியாது. ஹெட்ஃபோன் கட்டாயம், ஏன்னா ஜிம்மி கேரிசன் பேஸ்ல, அதாவது கீழ் சுரம் வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியத்துல, நாலே நாலு சுரம் திரும்பத் திரும்ப வாசிப்பாரு, போன் ஸ்பீக்கர்ல அது காணாமலே போயிரும். அந்த நாலு சுரத்த புடிச்சுக்குங்க, பிறகு கோல்ட்ரேன் அதையே எல்லா ஸ்கேல்லயும் மாத்தி மாத்தி வாசிச்சுட்டு கடைசியில வாயால பாடவும் செய்வாரு. நாலாவது பாகத்துக்கு ஒரு வேலை இருக்கு. ஆல்பம் அட்டையில அவரு எழுதுன கவிதை ஒன்னு இருக்கு, அத தேடி எடுத்து கையில வச்சுக்கிட்டு கேளுங்க. தேர் திருவிழாவுல நாதஸ்வரக்காரர் வாசிக்கிறப்ப நம்ம வாய் தானா பாட்டு வரிய முணுமுணுக்குமே, அந்த மாதிரி அவரு அந்த வரிகளத்தான் சாக்ஸ்ல சொல்லிக்கிட்டு போறாரு.

1967 ஜூலையில ஈரல் புற்றுநோயில போயிட்டாரு, வயசு 40தான். கடைசி ரெண்டு வருஷத்து வாசிப்பெல்லாம் சரியான முரடு. 1965ல பதிவு பண்ண, 11 பேர் வாசிச்ச 'அசென்ஷன்' கிட்டத்தட்ட 40 நிமிஷம், அத பகல்ல போடுங்க, ராத்திரியில போட்டா பக்கத்து காம்பராவுல இருந்து சுவத்த தட்டுவாங்க.