வருத்தக்காரரைப் பாக்க ஊருக்குப் போறவைக்கு

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கான்சர், இனி வீட்டில வச்சுப் பாருங்கோ எண்டு டொக்டர்மார் சொல்லிட்டினம் எண்டா, லீவை செத்தவீட்டுக்கெண்டு மிச்சம் பிடிச்சு வைக்காதேங்கோ. உயிரோட இருக்கேக்க போங்கோ. நான் ரொறொன்ரோவில இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் அம்மாவோட 19 நாள் இருந்தனான், அதில கண்டதைத்தான் எழுதுறன்.

கனடாவில வேலை செய்யிறவைக்கு இ.ஐ.யில (அரசாங்க வேலைக் காப்புறுதி) சாகக்கிடக்கிற சொந்தத்தைப் பாக்கிறவைக்கு கம்பாஷனேட் கேர் எண்டு 26 கிழமை வரைக்கும் காசு இருக்கு. வருத்தக்காரர் இலங்கையில இருந்தாலும் கேக்கலாம், அங்க பாக்கிற டொக்டரிட்ட சேர்ட்டிபிக்கற் எழுதி வாங்கோணும். இது தெரியாம நான் சம்பளமில்லாத லீவில போனனான்.

கட்டுநாயக்காவில இறங்கினா யாழ்ப்பாணத்துக்கு வானில ஏழெட்டு மணித்தியாலம். சென்னையால யாழ்ப்பாண எயார்போட் பலாலிக்கு வந்தா தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரி கிட்டத்தான், ஆனா ரண்டு ரிக்கெற்றையும் தனித்தனியா எடுத்தா சென்னையில பெட்டியை எடுத்துத் திரும்பப் போட இந்திய விசா வேணும், அவசரத்தில கனபேர் இதை மறந்துபோடுவினம். தெல்லிப்பழையில கான்சர் வைத்தியம் இலவசம். 2011ல இலங்கையின்ர தெற்கு முனை தெய்வேந்திரமுனையில இருந்து வடக்கு முனை பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து சேத்த காசில எழும்பின கட்டிடம் அது.

படுக்கைப்புண் வராம இருக்க காத்து மெத்தை ஒண்டு இங்கயிருந்து காவிக்கொண்டு போனனான். கனடா பம்ப் 120 வோல்ட், ஊரில 230. போட்ட உடன எரிஞ்சு போச்சு. யாழ்ப்பாணம் டவுனிலயே வாங்குங்கோ. மெத்தை இருந்தாலும் ரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கோணும்.

இதுதான் முக்கியம்: சாமத்து முறையை நீங்க எடுங்கோ. யாழ்ப்பாணத்தில சாமம் ரண்டு மணி எண்டா கோடையில ரொறொன்ரோவில பின்னேரம் நாலரை, எப்பிடியும் முதல் கிழமை உங்களுக்கு நித்திரை வராது. எங்கட அக்கா ஒண்டரை வருசமா ஒரு இரவு முழுக்க நித்திரை கொண்டதில்லை. நான் போய் மூண்டாம் நாள்தான் விடியுமட்டும் படுத்தவ. அம்மா ரண்டு மணிக்கு கண்ணைத் திறந்து "விடிஞ்சிட்டுதே பிள்ளை?" எண்டு கேப்பா, இல்லையம்மா எண்டுட்டு பஞ்சை இளநீரில நனைச்சு சொண்டில ஒத்துவன், வாய் முழுக்கப் புண், விழுங்கேலாது. காப்பு முழங்கை மட்டும் ஓடும், கழண்டு விழாம அக்கா நூல் சுத்தி வச்சிருந்தா. பகலில வந்து போற சனத்துக்குள்ள கதைக்கேலாத கதையெல்லாம் அம்மா சாமத்திலதான் கதைச்சவ.

போன உடன, ஏன் இந்த மருந்து, ஏன் அந்த டொக்டரிட்டக் காட்டேல்லை எண்டு கூட இருந்து பாத்தவையக் கேக்காதேங்கோ. நான் கேட்டனான். அக்கா ஒண்டும் சொல்லாம குசினிக்குள்ள போயிட்டா. அந்த முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. கேக்கிறதெண்டா டொக்டரிட்டக் கேளுங்கோ, அக்காட்ட "நான் என்ன செய்ய?" எண்டு மட்டும் கேளுங்கோ.

மோர்பின் குடுத்தா பழகிடும், ஆள் கெதியாப் போயிடும் எண்டு சொந்தக்காரர் வந்து சொல்லுவினம், அதைக் கேட்டு நிப்பாட்டாதேங்கோ. டொக்டர் சொன்ன அளவில, சொன்ன நேரத்துக்குக் குடுங்கோ, நோ தொடங்குமட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அது மலச்சிக்கல் ஆக்கும், அதுக்கும் சேத்து மருந்து கேட்டு வாங்குங்கோ.

செத்தவீட்டுக்கு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா முதலே எல்லாத்தையும் சொல்லி வையுங்கோ, பிரேதத்தை வீட்டிலதான் கிடத்துவினம், கிரியையில உரலில சுண்ணம் இடிக்கேக்க திருவாசகத்தில இருக்கிற திருப்பொற்சுண்ணம் பாடுவினம், பேரப்பிள்ளையளைப் பந்தம் பிடிக்கச் சொல்லுவினம், கனடாவில பிறந்த பிள்ளையள் திடீரெண்டு பாத்தா பயந்துபோகும். வீட்டில மோசம் போனா விதானையாரிட்ட (கிராம சேவகர்) சொல்லித்தான் மரணப்பதிவு. அத்தாட்சிப் பத்திரம் நாலைஞ்சு கொப்பி எடுத்து, ஒண்டை இங்கிலீசில மொழிபெயர்ப்பிச்சுக்கொண்டு வாங்கோ, வேலையிடத்திலயும் பாங்கிலயும் கேப்பினம்.

31ம் நாள் கிரியை முடியுமட்டும் நிக்கேலாதவை கனபேர், நானும் நிக்கேல்லை. அக்கா கீரிமலையில அந்தியேட்டி செய்யேக்க வீடியோ கோலிலதான் பாத்தன், அலைச் சத்தத்தில ஐயர் சொன்னது ஒண்டும் விளங்கேல்லை. செத்த அம்மாவை நினைச்சு விரதம் பிடிக்கிறது சித்திராப் பறுவத்தில, அப்பாவுக்கு ஆடியமாவாசையில. நான் வாற சித்திரைக்கு இப்பவே ரிக்கெற் போட்டுட்டன்.