வணிகத் தகவலியல் மாஸ்டர்ஸ்: தேர்வுக்கு உதவுகிற மாதிரி சம்மரி எழுதுவது எப்படி

ஜெர்மனிக்கு வணிகத் தகவலியல் (இங்கே இதை விர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபோர்மாட்டிக் என்பார்கள்) மாஸ்டர்ஸ் படிக்க வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் செமஸ்டரில் ஒரே பாடத்துக்கு 64 பக்கம் சம்மரி எழுதினேன். ஸ்லைடில் இருந்த எதையும் விடவில்லை. ஆனால் தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை ஓடவில்லை, அந்தப் பாடத்தில் ஃபெயில். ஸ்லைடைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேனே தவிர, ஒரு பக்கத்தைக்கூட யோசித்து எழுதவில்லை.

இரண்டு மார்க், பதினாறு மார்க் என்று பிரித்து மனப்பாடம் பண்ணிப் பழகி வந்தவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். 60 அல்லது 90 நிமிடத் தேர்வில் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் கதையை அரைப் பக்கம் கொடுத்து, இந்தச் செயல்முறையை வரை, இந்த மாடலில் என்ன தப்பு, ஏன் தப்பு என்று கேட்பார்கள். அதற்குத் தகுந்த மாதிரி சம்மரி இருக்க வேண்டும்.

முதலில் மாட்யூல் ஹேண்ட்புக்கை, அதாவது ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் கொடுக்கும் கையேட்டைத் திறந்து உங்கள் பாடத்துக்கான பக்கத்தைப் படியுங்கள். 'மாணவர் இதை மதிப்பிட முடியும்', 'இதை மாடல் செய்ய முடியும்' என்று எழுதியிருக்கும். அந்த வினைச்சொற்கள்தான் வரப்போகும் கேள்விகள், ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்றி ஒரு பக்கத்தின் தலைப்பாக வையுங்கள். நேரக் கணக்கையும் அங்கேயே பாருங்கள். ஜெர்மனியில் ஒரு ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் அளவு) என்றால் பொதுவாக 30 மணி நேர உழைப்பு, 6 கிரெடிட் பாடத்துக்கு 180 மணி. வாரம் நாலு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் மொத்தத்தில் 60 மணியைத் தாண்டாது, மீதி எல்லாம் நாமே படிக்க வேண்டியது.

அப்புறம் ஸ்லைடை மூடிவிட்டு எழுதுங்கள். நான் மிகவும் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. அதனால் ஞாபகத்தில் இருப்பதை முதலில் நீல மையில் எழுதுங்கள், பிறகு ஸ்லைடைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். சிவப்பு எங்கே அதிகமோ அந்தப் பக்கத்தை மறுநாளும் எழுதுங்கள்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். பாடம் புராசஸ் மைனிங், அதாவது கணினியில் பதிவான நிகழ்வுகளிலிருந்து வேலை நடக்கும் விதத்தைக் கண்டுபிடிப்பது. தலைப்பு ஆல்ஃபா அல்காரிதம், அந்தப் பதிவுகளிலிருந்து செயல்முறைப் படத்தை உருவாக்கும் ஒரு வழிமுறை. அதன் வரையறை எட்டு வரி கணக் (செட்) குறியீடுகள், அதை அப்படியே காப்பி அடித்து ஒரு பயனும் இல்லை. என் பக்கத்தில் ஒரு ஆன்லைன் கடையின் இரண்டு ஆர்டர்கள் இருந்தன. ஒன்றில் பதிவு, பணம், பேக்கிங், அனுப்புதல் என்ற வரிசை, இன்னொன்றில் பதிவு, பேக்கிங், பணம், அனுப்புதல். பணத்துக்குப் பின் பேக்கிங் வருகிறது, பேக்கிங்குக்குப் பின் பணமும் வருகிறது, எனவே அவை இரண்டும் இணையாக நடப்பவை. பதிவுக்குப் பின் பணம் வருகிறது, ஆனால் பணத்துக்குப் பின் பதிவு ஒருபோதும் வரவில்லை, எனவே அது முன்பின் உறவு. இதை ஒரு சின்னக் கட்டத்தில் போட்டு, கீழே பெட்ரி நெட்டை (வட்டங்களும் கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட செயல்முறைப் படம்) வரைந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: ஒன்று அல்லது இரண்டு படி மட்டுமே உள்ள சுழற்சியை இது சரியாகப் பிடிக்காது, கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் பிழை இருந்தால் தடுமாறும். 'ஏன் தப்பு' என்று கேட்டால் அந்த ஓரக் குறிப்புதான் கை கொடுக்கும்.

மாடலிங் பாடங்களில் சரியான படத்தை விட தப்பான படத்தைச் சேர்த்து வைப்பது நல்லது. ஈபிகே எனப்படும் நிகழ்வுச் சங்கிலி வரைபடத்தில் ஒரு நிகழ்வுக்கு அடுத்து எக்ஸார் பிரிவு (பல வழிகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடம்) வரக் கூடாது, ஏனென்றால் நிகழ்வு தானாக முடிவு எடுக்காது, முடிவெடுப்பது அதற்கு முந்தைய செயல்பாடு. அந்தத் தப்பை வரைந்து, மேலே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுப் பக்கத்திலேயே திருத்தியதையும் வரையுங்கள்.

தியரி கட்டுரைகளுக்கு நாலைந்து வரி போதும். டீலோன், மெக்லீன் 1992இல் தகவல் அமைப்பின் வெற்றியை அளக்க ஒரு மாடல் கொடுத்தார்கள், 2003இல் அதில் சேவைத் தரத்தையும் சேர்த்தார்கள். என்ன சேர்ந்தது, ஏன் சேர்ந்தது, உங்களுக்குத் தெரிந்த ஒரு சாஃப்ட்வேருக்குப் பொருத்தினால் எப்படி வரும், இவ்வளவுதான் வேண்டும்.

சீனியர்களின் சம்மரி கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் உங்களுடையதை எழுதி முடித்த பிறகு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பழைய கேள்வித்தாள் கிடைத்தால் ஒன்றை மட்டும் தொடாமல் வைத்திருந்து, கடைசி வாரத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். கையெழுத்தில் ஒரு ஏ4 தாள் கொண்டுபோக அனுமதிக்கும் பாடம் என்றால், தினமும் சிவப்பு மை விழுந்த இடங்கள் மட்டும் அந்தத் தாளுக்குப் போகட்டும்.

ரிசல்ட் வந்த பிறகு திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்க ஒரு நாள் கொடுப்பார்கள். பாஸ் ஆகியிருந்தாலும் போங்கள். எங்கே மார்க் போனதோ அந்தப் பக்கத்தை வீட்டுக்கு வந்ததும் சம்மரியில் திருத்திவிட்டு, அதற்குப் பிறகு ஜூனியருக்கு அனுப்புங்கள்.